அகற்றியதோடு முடிந்துவிடுவதில்லை

காஞ்சிபுரத்தில் வாழ்வோர்க்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறியாத பெயரன்று. இவ்வூரில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்து, 1967-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற பேரறிஞர் அண்ணாவின் உயிரைப் பறித்தது அந்நோயே. 1968 செப்டம்பரில் அவர் நியூயார்க் சென்று மெமோரியல் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை பெற்றார். நாடு திரும்பிப் பணியும் தொடர்ந்தார். ஆயினும் சில திங்களுக்குள் உடல்நலம் மீண்டும் குன்றி, 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் தமது 59-ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவர் பெயரால் காரப்பேட்டையில் தோன்றிய அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இன்றும் சுற்றுவட்டாரத்து ஏழை எளியோர்க்குப் புகலிடமாக விளங்குகிறது.

அண்ணாவின் காலத்தில் இந்நோய்க்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, உணவுக்குழாயை வெட்டி நீக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை, மற்றொன்று, கதிர்வீச்சு. இன்று மூன்றாவது வழியொன்றும் உண்டு. நோய் உட்சவ்வோடு நிற்கும் தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டால், மார்பைத் திறக்காமல், வாய்வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்பிக் கருவியாலேயே புற்றுள்ள பகுதியை உரித்தெடுத்துவிடலாம். நோயாளி தம் உணவுக்குழாயை இழப்பதில்லை. சில நாள்களில் வீடு திரும்பி, மெல்ல மெல்ல வழக்கமான உணவுக்கு வந்துவிடுகிறார்.

இச்சிகிச்சை உடலுக்கு எளியதாக இருப்பதாலேயே ஓர் இடரும் அதனோடு சேர்ந்து வருகிறது. உடலில் வடு இல்லை, வலி இல்லை, சோறு இறங்குகிறது. ஆகவே நோய் தொலைந்தது என்று குடும்பம் முடிவு கட்டிவிடுகிறது. திசு அறிக்கை வாங்கப்படாமலே கிடக்கிறது. குறித்த நாளில் நோயாளி வருவதில்லை. என் கருத்து இதுதான்: புற்றை அகற்றுவது சிகிச்சையின் முற்பாதி மட்டுமே. திசு அறிக்கையைப் படித்து, அது சொல்லும் கூடுதல் சிகிச்சையை ஏற்று, ஆண்டுதோறும் திரும்பி வந்து சோதித்துக்கொள்வது அதன் பிற்பாதி. பிற்பாதியைக் கைவிடுவோர்க்கு முற்பாதியின் பயன் நிலைக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஏன் அவ்வாறு என்பதை விளங்கிக்கொள்ள, உணவுக்குழாயின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழாயின் சுவர் பல படலங்களால் ஆனது. உணவு படும் பக்கத்தில் உட்சவ்வு. அதற்கடியில் சவ்வடிப் படலம். அதற்கும் அப்பால் தசை. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் செதிள்செல் வகைப் புற்று உட்சவ்வின் மேற்பரப்பில் தோன்றி, நாளடைவில் கீழ்நோக்கி இறங்குகிறது. நோயின் அகலத்தைவிட அது இறங்கிய ஆழமே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

உணவுக்குழாயின் சவ்விலும் அதன் அடிப்படலத்திலும் நிணநீர் நாளங்கள் அடர்ந்துள்ளன. புற்று உட்சவ்வின் மேலடுக்குகளோடு நின்றால், நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது மக்கள் நெறிக்கட்டி என்று கூறும் இடங்களுக்கு, அது பரவியிருக்கும் வாய்ப்பு 100 பேரில் 5 பேருக்கும் குறைவே. சவ்வடிப் படலத்துள் ஆழமாக இறங்கிவிட்டாலோ அவ்வாய்ப்பு பல மடங்காகிறது. செதிள்செல் வகையில் அடிப்படலத்துக்குள் 0.2 மில்லிமீட்டர் என்னும் அளவை மருத்துவர்கள் ஓர் எல்லைக்கோடாகக் கொள்கின்றனர். ஏறத்தாழ இரண்டு தாள்களின் கனமே அது. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை எண்டோஸ்கோப்பியில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த பின்னரே அது தெரியவரும்.

அதனால்தான் ஜப்பானிய மருத்துவர்கள் 1990-களின் பிற்பகுதியில் இ.எஸ்.டி. என்னும் முறையை வளர்த்தெடுத்தனர். நோயுள்ள இடத்தின் அடியில் ஒரு நீர்மத்தை ஊசிவழியே செலுத்திச் சவ்வை மேலே எழச்செய்கின்றனர். பின்பு மின்கத்தியால் சுற்றிலும் கோடிட்டு, அடிப்படலத்தோடு சேர்த்துத் துண்டாகாமல் ஒரே விரிப்பாக உரித்தெடுக்கின்றனர். அவ்விரிப்பை அட்டையில் ஊசிகுத்தி விரித்து, மெல்லிய கீற்றுகளாக அரிந்து, நோயியல் மருத்துவர் ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பல துண்டுகளாகப் பிய்ந்து வந்தால் எது விளிம்பு, எது ஆழம் என்று கூறுவது அரிது. ஒரே துண்டாக எடுப்பதன் பெரும்பயன், அதிலிருந்து கிடைக்கும் அறிக்கை தெளிவாக இருப்பதே.

அவ்வறிக்கை நான்கு வினாக்களுக்கு விடை தருகிறது. புற்று எவ்வகையைச் சார்ந்தது? எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது? வெட்டிய விளிம்பிலும் அடியிலும் புற்றுச்செல்கள் எஞ்சியுள்ளனவா? இரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ அவை நுழைந்துள்ளனவா? ஆழம் குறைவு, விளிம்பு தூய்மை, நாளங்களில் நுழைவு இல்லை என்றால் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். இவற்றுள் ஒன்றேனும் மாறாக இருப்பின், கண்ணுக்குத் தெரியாத செல்கள் கணுக்களில் தங்கியிருக்கக்கூடும். அப்போது அறுவைச் சிகிச்சையோ, கதிர்வீச்சும் மருந்தும் இணைந்த சிகிச்சையோ தேவைப்படும்.

இந்நிலையில் அறுவையின்றி உணவுக்குழாயைக் காக்கவே முடியாதா என்னும் வினாவுக்கு விடை காண ஜப்பானில் ஓர் ஆய்வு நடந்தது. சவ்வடிப் படலம் வரை இறங்கியிருக்கலாம் என ஐயுற்ற, ஆனால் கணுக்களுக்குப் பரவிய அறிகுறி இல்லாத 176 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் முதலில் எண்டோஸ்கோப்பி வழியே புற்று அகற்றப்பட்டது. பின்னர் அறிக்கையின்படி அவர்களை மூன்று பிரிவாக்கினர். இடர் குறைந்தோர்க்குக் கண்காணிப்பு மட்டும். இடர் மிகுந்தோர்க்குத் தற்காப்பாக 41.4 கிரே அளவுக் கதிர்வீச்சும் மருந்தும்; அடிவிளிம்பில் புற்று எஞ்சியோர்க்கு 50.4 கிரே அளவுக் கதிர்வீச்சும் மருந்தும். 2019-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்றாண்டு கழித்து மொத்தத்தில் 92.6 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். தற்காப்புச் சிகிச்சை பெற்ற நடுப்பிரிவினருள்ளும் அவ்வளவு 90.7 விழுக்காடு.

தேர்ந்த கரங்களில், சீரான கண்காணிப்போடு கிடைத்த முடிவுகள் இவை. அவற்றை அப்படியே எல்லா இடத்திற்கும் பொருத்திக் கூறுவது நேர்மையாகாது. இன்றும் உடல் தாங்கக்கூடிய பலருக்கு அறுவைச் சிகிச்சையே ஏற்றதென மருத்துவர் கருதலாம். ஆயினும் அவ்வாய்விலிருந்து நாம் கற்க வேண்டிய ஒன்று தெளிவாக உள்ளது. அந்நோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி மட்டுமே செய்து அனுப்பிவிடவில்லை. அறிக்கை சொன்னதைக் கேட்டு, அதன்பின் செய்ய வேண்டியதைச் செய்தனர். அந்த நல்ல முடிவுகள் இரு பாதிகளும் சேர்ந்து கிடைத்தவை.

நம் குடும்பங்களுக்கு உண்மையான சோதனை இங்குதான் தொடங்குகிறது. புண் ஆறி, நோயாளி முன்போல் உண்டு உறங்கும் வேளையில், கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாளாக ஏறத்தாழ ஐந்து வாரம் வரவேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். தறியை நம்பி வாழும் வீட்டில் ஐந்து வாரம் என்பது சிறு செய்தியன்று. பாதியில் நிற்கும் பட்டுச்சேலை, அதற்கு வாங்கிய முன்பணம், பிள்ளையின் கல்விக் கட்டணம் எல்லாம் கண்முன் வந்து நிற்கின்றன. “நன்றாகத்தானே சாப்பிடுகிறார், இனி எதற்கு?” என்று உடனிருப்போர் கேட்பது புரியாமல் இல்லை. ஆனால் நன்றாக உண்ணுவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் இயல்புடையது. அதன் வழி பெருமளவு அடைபட்ட பின்னரே விழுங்குவதில் தடை தெரியும். கணுக்களில் ஒளிந்திருக்கும் செல்களோ தொடக்கத்தில் எவ்வறிகுறியும் காட்டுவதில்லை. தடை தெரியும் நாள் வரை காத்திருப்பவர், எளிய சிகிச்சைக்குரிய காலத்தைக் கடந்துவிடுகிறார்.

“கத்தி பட்டால் புற்று பரவும்” என்னும் அச்சமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. திசுச் சோதனைக்கே சிலர் அஞ்சி விலகுகின்றனர். காலம் கடந்து சிகிச்சைக்கு வந்தோர் பிழைக்காமல் போனதைக் கண்டு பிறந்த எண்ணமாக இது இருக்கலாம். அவர்களுக்குக் கேடு செய்தது கத்தியன்று, காலதாமதமே. எண்டோஸ்கோப்பியின்போது கிள்ளியெடுக்கும் சிறு திசுவே நோயின் பெயரைச் சொல்லும் சாட்சி. அதை மறுப்பது, சாட்சியைக் கேளாமல் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும்.

“முழுக் குழாயையும் எடுத்துவிட்டால் இத்தொல்லை இராதே” என்று கேட்போரும் உளர். அது மார்பு, வயிறு இரண்டையும் தொடும் பெரிய அறுவை. இரைப்பையை மேலே இழுத்துக் குழாயாக்கிப் பொருத்துவர். தேவைப்படுவோர்க்கு அது உயிர்காக்கும் சிகிச்சையே. ஆயினும் அதற்குப் பின்னும் உண்ணும் முறை மாறும், கண்காணிப்பும் தொடரும். கண்காணிப்பே வேண்டாத சிகிச்சை எதுவும் புற்றுநோய்க்கு இல்லை.

கண்காணிப்பில் என்ன நடக்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நலம். முதலாவது, வடுவின் சுருக்கம். குழாயின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் சவ்வை எடுக்க நேர்ந்தால், புண் ஆறும்போது வழி சுருங்கக்கூடும். சோறு சிக்குகிறதென நோயாளி அஞ்சிப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பலூன் கொண்டு விரித்துவிடலாம்; சுருக்கத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. சிலருக்குப் பலமுறை விரிக்க வேண்டியிருக்கும். அப்போது மனம் தளராமல் வருவதே முக்கியம்.

இரண்டாவது, புதிய புற்று. புகையிலையும் மதுவும் பல ஆண்டுகள் தொட்ட சவ்வில், ஓரிடத்தில் நோய் தோன்றினால் மற்றோர் இடத்திலும் தோன்றும் வாய்ப்பு உண்டு. உணவுக்குழாயில் மட்டுமன்றி வாயிலும் தொண்டையிலும் அது முளைக்கலாம். ஆகவே பொதுவாக 6 முதல் 12 திங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்கின்றனர். நீர்த்த அயோடின் கரைசலைக் குழாயினுள் தெளித்துப் பார்ப்பதும் உண்டு. நலமான சவ்வு பழுப்பு நிறமேறும். நோயுற்ற இடம் நிறம் பிடிக்காமல் வெளிறி நிற்கும். பட்டுநூலுக்குச் சாயமேற்றும் நம்மூரார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாயம் ஏறாத இழையைத் தேர்ந்த கண் உடனே காணும். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு நோயோ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இடர் மிகுந்தோர்க்குக் கணுக்களைக் காண சி.டி. ஸ்கேனும் இடையிடையே தேவைப்படும்.

புகையிலையையும் மதுவையும் விடுவது அறவுரையன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. புற்று அகற்றப்பட்ட பின் மதுவை நிறுத்தியோர்க்கு இரண்டாவது புற்று தோன்றுவது குறைகிறதென ஜப்பானிய ஆய்வு காட்டியுள்ளது. அண்ணாவுக்கும் புகையிலை மெல்லும் பழக்கம் இருந்தது. புகையிலை கலவாத வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: அதுவும் புற்றுநோய் உண்டாக்குவதே என 2004-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவதும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என அம்முகமை 2016-இல் அறிவித்தது. காப்பியை விடவேண்டா, ஆற்றிக் குடித்தால் போதும்.

அறிக்கையில் அரிய வகையொன்றின் பெயர் இருப்பின் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சிறுசெல் புற்று, நிறமிப்புற்று போன்றவை உணவுக்குழாயில் அரிதாகவே தோன்றும். அவற்றுக்கு இங்குக் கூறிய ஆழக்கணக்குப் பொருந்தாது. பார்வைக்குச் சிறியதாக இருக்கும்போதே அவை தொலைவில் பரவக்கூடியவை. ஆகவே எண்டோஸ்கோப்பியால் முழுதும் எடுத்தாயிற்று என்று அமையாமல், புற்றுநோய் மருந்தியல் வல்லுநரையும் கலந்தே அடுத்த முடிவு எடுக்க வேண்டும்.

இத்தனையும் நோயாளியின் கடமைகளாகவே கூறிச் செல்வது முறையன்று. வராதவரைக் குறைகூறுமுன் மருத்துவமனைகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் உள்ளன. ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பினோமா, அல்லது உட்கார வைத்துத் தமிழில் பொருள் கூறினோமா? அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தோமா? வராதபோது தொலைபேசியில் அழைத்தோமா? இரத்தப் பரிசோதனைக்கு ஒருநாள், ஸ்கேனுக்கு ஒருநாள், மருத்துவரைக் காண ஒருநாள் என்று மூன்று நாள் கூலியை இழக்கச் செய்தோமா, அல்லது ஒரே நாளில் முடித்துக் கொடுத்தோமா? கண்காணிப்பு ஒரு சிகிச்சை என்று நாங்கள் நம்பினால், அதற்குரிய ஏற்பாட்டையும் நாங்களே செய்ய வேண்டும்.

செலவுக்கும் சில உதவிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உள்ளது. உங்கள் சிகிச்சையில் எது அதில் அடங்கும் என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டறியுங்கள். இ.எஸ்.டி. எல்லா ஊர்களிலும் செய்யப்படுவதன்று. சென்னை போன்ற பெருநகருக்குச் செல்ல நேரலாம். சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ தொடர்வண்டியில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனையின் சான்று வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டோர்க்கு உரியவை. நம் நாட்டில் அவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் விழுங்கவே இயலாத நிலையில்தான் வருகின்றனர். வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்கு அரசின் பொதுப் பரிசோதனைத் திட்டம் உள்ளது; உணவுக்குழாய்க்கு இல்லை. ஆகவே இங்கு முதல் காவலர் வீட்டிலுள்ளோரே. காஞ்சிபுரம் இட்லியை விரும்பி உண்டவர் இப்போது கஞ்சியே போதும் என்கிறாரா? ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கிறாரா? சட்டை தளர்ந்துவிட்டதா? நெடுநாள் புகையிலையோ மதுவோ பழகியவர், முன்பு வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தவர், பல்லாண்டாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை விழுங்கி வருபவர் ஆகியோரிடம் இம்மாற்றம் தெரிந்தால், பித்தம், வாயு என்று நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஏற்கெனவே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். திசு அறிக்கையின் படியொன்றைக் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையை வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். மேலே கூறிய நான்கு வினாக்களை மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். விடை விளங்காவிட்டால் மறுமுறையும் கேளுங்கள். அடுத்து வரவேண்டிய தேதி எது என்று தெரிந்துகொள்ளாமல் மருத்துவரின் அறையைவிட்டு எழுந்து வராதீர்கள்.